'இருவர்' செயலியும் ஐவர் குழுவும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்து அலுத்துப்போனதால் காதல் செயலியைக் கண்டுபிடித்தது. ஆனால் அந்தச் செயலியைத் தெரிவுசெய்து உரிய பலனை அடைவது எப்படி என்று கண்டுபிடித்த பெருமை அனலைதீவு அம்பலவாணர் குடும்பத்தையே சாரும். உலகம் இன்னும் அறியவில்லை. அது உலகத்தின் குறை.

அம்பலவாணரின் மகன் சசிகரனுக்கு முப்பத்தைந்து வயது. தீவுக்குக் கரண்ட் கொடுக்கும் நிலையத்தில் வேலை. ஜெனரேற்றரைப் போடுவான், நிறுத்துவான், இடையில் எண்ணெய் பார்ப்பான். கூடப் படித்தவர்களெல்லாம் கனடாவில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதிக்கொண்டிருக்க, இவன் நிலையத்து வாசலில் தனியாக நின்று தேத்தண்ணி குடித்தான். தனிமை ஆளைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "ஃபோனிலை ஒரு ஆப் போட்டு ஆரையும் பாக்கட்டோ?" என்று வாய்விட்டுக் கேட்டான்.

குடும்பம் கோபிக்கவில்லை. முற்போக்கான குடும்பம். அன்றே ஐவர் கொண்ட 'தெரிவுக் குழு' அமைந்தது. தலைவர் அம்பலவாணர், மாத்தறையில் கடை வைத்திருந்தவர், ஆளைப் பார்த்தே நிறை சொல்லுவார். செயலாளர் ரொறன்ரோவிலிருக்கும் அக்கா பவதாரணி. விசாரணைப் பிரிவு, பாரிஸ் சித்தப்பா தில்லைநாதன். அம்மா நேர்த்திக்கடன் பிரிவு. அக்காவின் கணவர் சூம் கூட்டங்களில் கமராவை நிறுத்திவிட்டு நித்திரை கொள்ளுவார். அவருடைய மௌனம் ஆதரவாகக் கொள்ளப்படும். சசிகரனுக்குப் 'பார்வையாளர்' அந்தஸ்து வழங்கப்பட்டது.

செயலிகள் ஆராயப்பட்டன. முதலாவது உடனேயே தள்ளுபடி. "அதிலை படத்தைப் பாத்து ஆளைத் தள்ளுறாங்கள்" என்றார் அம்பலவாணர். "நாங்கள் விசாரிச்செல்லோ தள்ளுறது!"

அடுத்தது பொழுதுபோக்கு என்ன என்று கேட்டது. "வேலை இல்லாதவனுக்குத்தான் பொழுதுபோக்கு" என்று சித்தப்பா அதையும் தள்ளினார். கடைசியில் 'இருவர்' என்ற செயலி தெரிவானது. அதில் பூர்வீகம் எழுத இடம் இருந்தது.

படம் எடுக்கச் சசிகரனை, சுவிஸில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கட்டிப் பூட்டிவைத்திருக்கும் மேல்மாடி வீட்டின் கேற்றுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"அப்பா, இது எங்கட வீடில்லையே."

"எங்கட வீடெண்டு ஆர் எழுதினது? வீட்டுக்கு முன்னாலை நிக்கிறாய், அவ்வளவுதான்."

தொழில் என்ற இடத்தில் அக்கா 'மின்சக்தித் துறை முகாமையாளர்' என்று எழுதினாள். பொய்யில்லை, கொஞ்சம் தூக்கி எழுதப்பட்ட உண்மை.

பலன் கிடைத்தது. நயினாதீவு கேதீஸ்வரி. தூரம் ஆறு கிலோமீற்றர் என்றது செயலி. செயலிக்குக் கடல் தெரியாது. வள்ளத்தில் ஊர்காவற்றுறை, பஸ்ஸில் குறிகட்டுவான், திரும்ப வள்ளம் என்று போய்ச் சேர அரைநாள் ஆகும்.

குழு முறைப்படி எழுதியது: 'தங்கள் பூர்வீகம் எவ்விடம்? சகோதரங்கள் எத்தனை பேர்?' மறுநாள் மத்தியானம், செயலியை நடத்தும் அக்கா ரொறன்ரோவில் நித்திரையாய் இருந்த நேரம், அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. சசிகரன் தானே பதில் எழுதினான்.

"உங்கட தீவிலை வெளிச்சம் நிக்கிறது எங்கட கரையிலை நிண்டாத் தெரியும். நீங்களோ நிப்பாட்டுறது?"

"ஓம். முகாமையாளர் எண்டது அக்கா எழுதினது. நான் போடுறது, நிப்பாட்டுறது."

"நல்லதாப் போச்சு. முகாமையாளரோடை கதைக்கிறதெண்டால் நான் சீலையெல்லோ கட்டவேணும். அதுசரி, ஏன் ஒருநாளும் சொல்லிப்போட்டு நிப்பாட்டுறேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது?"

"எனக்குச் சொல்லலாமே."

அன்று முழுக்கச் சசிகரனின் முகத்தில் இருந்த சிரிப்பை ஜெனரேற்றரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொரு மத்தியானமும் கதைத்தார்கள். அவள் தபாற்கந்தோரில் வேலை செய்வது, தகப்பன் இல்லாதது, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, அதுதான் புழுக்கொடியல், என்றால் உயிரையே விடுவது எல்லாம் சொன்னாள். கதைத்ததை அவன் உடனுக்குடன் அழித்துவிடுவான். "பகலிலை நீங்கள். மற்ற நேரத்திலை எழுதுறது ஆர்?" என்று ஒருநாள் கேட்டாள். "குழு" என்று எழுதினான்.

குழு அடுத்த கட்டத்துக்குப் போனது: விசாரிப்பு. பெண்ணைப் பற்றிப் பெண்ணிடமே கேட்பது பண்பாகாது. மூன்றாம் ஆளிடம் கேட்பதுதான் வழக்கம். சனிக்கிழமை காலை எல்லோரும் சூமில் கூடினார்கள். ஊர் முழுக்கத் தெரிந்தது தபாற்கந்தோருக்குத்தான் என்று அறிவித்து, சித்தப்பா மற்ற ஃபோனில் இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார்.

"சித்தப்பா, அங்கை எடுக்காதேங்கோ, அங்கை..." என்று நிலையத்திலிருந்து கத்தினான் சசிகரன்.

"உன்ரை பக்கம் மெசின் இரையுது, ஒண்டும் விளங்கேல்லை" என்று அக்கா அவன் குரலை நிறுத்திவிட்டாள்.

"பிள்ளை, உங்கட ஊரிலை நாகபூசணியின்ரை மகள் கேதீஸ்வரி எண்டு..."

"ஓம், சின்னனிலையிருந்து தெரியும்" என்றாள் கேதீஸ்வரி.

"ஆள் எப்பிடி?"

"கெட்டிக்காரி. கொஞ்சம் வாய்க்காரி."

"வேறை... பெடியள் ஆரோடையும் கதை பேச்சு?"

அங்கே தபால் முத்திரை குத்தும் சத்தம் நின்றது. பிறகு சிரிப்பை அடக்கிய குரல் வந்தது. "ஓம், ஒருத்தரோடை. அனலைதீவிலை கரண்ட் நிப்பாட்டுறவராம். நல்ல விருப்பமாம்."

சசிகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. விருப்பம் என்ற சொல்லை அவள் அவனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

சித்தப்பா ஃபோனை வைத்தார். "தப்பினம்! பெட்டைக்குத் தொடர்பு இருக்கு."

"அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா" என்றாள் அம்மா.

"எங்கட ஊரிலை அப்பிடி ஒரு காவாலி ஆரப்பா?" என்றார் அம்பலவாணர்.

சசிகரன் ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினான். தீவு முழுக்க ஃபான்கள் நின்றன. திரும்பி ஓடிவந்து கை இரண்டையும் ஆட்ட, அக்கா குரலைத் திறந்துவிட்டாள்.

"அது நான்தான்!"

 தலைவர் தீர்ப்புச் சொன்னார். "அவள் எங்களோடை கதைச்சது சம்பந்தம். உன்னோடை கதைச்சது தொடர்பு. சம்பந்தம் பேசேக்கை தொடர்பு வைச்சிருக்கிற பிள்ளையை எப்பிடி எடுக்கிறது?"

"ரெண்டும் நானெல்லோ அப்பா!"

"நீ எங்கை சம்பந்தத்திலை இருந்தனீ? முதல்லை மெசினைப் போடு, சனம் பேசப்போகுது."

போட்டான். அந்த இரைச்சலில், சம்பந்தத்தைக் கைவிடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மத்தியானம் நிலையத்து ஃபோன் அடித்தது. கேதீஸ்வரி.

"பாரிஸிலையிருந்து ஒருத்தர் என்னைப் பற்றி என்னட்டையே விசாரிச்சவர். நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. என்ன முடிவு?"

"வேண்டாமாம்."

"அவை சொன்னது கிடக்கட்டும். நாளைக்கு மத்தியானம் நான் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலை நிப்பன். நீர் வாறீரோ?"

சசிகரனுக்கு விருப்பம். நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு விருப்பம். "நில்லும், வாறன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தான். பிறகு, பெரியவர்களை மதிக்கும் பிள்ளை அல்லவா, குழுவுக்குப் பணிவாக ஒரு செய்தி அனுப்பினான்: 'நாளைக்கு ஒருக்கா ஊர்காவற்றுறைக்குப் போய் அவளைப் பாத்திட்டு வரட்டோ?'

பொறுப்பான குழு எதற்கும் அவசரப்படாது. ஆராய்ந்து, பஞ்சாங்கம் பார்த்து, அவள் காத்துநின்ற ஞாயிறும் கழிந்து, புதன்கிழமை அனுமதி தந்தது: 'போய்ப் பார். கதைக்காதை.' சசிகரன் மினுக்கிய சேட்டோடு முதல் வள்ளத்தில் போனான். இறங்குதுறையில் ஒருவரும் இல்லை. செயலியிலும் அவள் இல்லை.

அவனைக் காதலில் தோற்றவன் என்று ஊரில் பரிதாபப்படுகிறார்கள். அது தவறு. வெய்யிலில் ஒருத்தியை நிற்கச் சொல்லிவிட்டு, மேலிடத்தில் அனுமதி கேட்டு எழுதியவனுக்குக் காதலன் என்று பெயரில்லை. அரசாங்கக் கந்தோர் என்றுதான் பெயர்.