மஞ்சள் ஒட்டாத கூறைச்சேலை

மல்லசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை.

மேட்டூர் மச்சான் கதிர்வேல் அவர்களுக்கு அப்புசாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, பெண்கள் இருவர், மாடு கன்று எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே அக்காவும் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லலாமென்றால் உங்கள் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து அழுகிறாள், வாட்சப்பில் போட்டால் பங்காளி குரூப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதனால்தான் கடிதம். நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் நிச்சயத்தன்றே நின்றுவிட்டது. உங்களுக்கு டியூட்டி, வர முடியவில்லை, தப்பித்தீர்கள். ரவிக்கை தைக்க நம் வீட்டில் வைத்திருந்த கூறைச்சேலையைத் தட்டில் வைத்து, மாப்பிள்ளையின் அத்தை சௌந்திரம் மஞ்சளைக் கரைத்து மூலையில் வைத்தார், மஞ்சள் உருண்டு தரையில் விழுந்தது, அடுத்த மூலையில் வைத்தார், அதுவும் விழுந்தது, நாலு மூலையிலும் சேலை எண்ணெய் தடவினாற்போல மஞ்சளைத் தள்ளிவிட்டது. "ஏனுங்க, உங்க சாமிக்கே இது புடிக்கலீங்களாட்ட இருக்குது" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். அவர் எழ, ஊரே எழுந்தது. இலை போட்டது போட்டபடி கிடந்தது. மூன்று ஏக்கர் மஞ்சள் வெள்ளாமை பண்ணுகிறவன் வீட்டுச் சேலையில் மஞ்சள் ஒட்டவில்லை என்றால், நான் எந்த முகத்தோடு மண்டிக்குப் போவேன்? பெரியவள் தீபிகா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை மச்சான். அதிர்ச்சியில் பிள்ளை மரத்துப்போய்விட்டது. பந்தியில் மிச்சமான சோற்றை மட்டும் நன்றாகச் சாப்பிட்டது.

மறுநாள்தான் சின்னவள் தனப்பிரியா வாயைத் திறந்தாள். "சேல அழுக்காகாம இருக்கட்டும்னு பள்ளிக்கூடத்து மருந்து அடிச்சனுங்ப்பா" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கேறி, பள்ளிக்கூடத்துக்கே போய் அவளுடைய சயின்ஸ் டீச்சர் மஞ்சுளாவை நாலு கேள்வி கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "உக்காருங்க, பத்தாம் வகுப்பே உங்களுக்குச் செஞ்சு காட்டும்" என்றார். ஏதோ காலேஜில் பயிற்சி எடுத்து, சோதனைப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறாராம், பெயர் நானோ. ஒருத்தி சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் விட்டாள், முத்தாக ஓடியது. இலை மேலே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாம். தலைமுடி ஒன்றை நெடுக எண்பதாயிரம் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்றுதான் ஒரு நானோவாம். என் தலையைப் பார்த்து வகுப்பே சிரித்தது. பிறகு என் துண்டை வாங்கி, பெட்டியிலிருந்த அதே மருந்தை அடித்து, காயவைத்து, மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். துண்டு வெள்ளையாகவே இருந்தது, மஞ்சள் உருண்டுவந்து என் வேட்டியில் விழுந்தது. சண்டை போடப் போனவன் மஞ்சள் வேட்டியோடு பஸ் ஏறி வந்தேன்.

ஆகவே மச்சான், இதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை, முழுக்க விஞ்ஞானம். நான் சொன்னால் கதை கட்டுகிறேன் என்பார்கள். நீங்கள் கெமிக்கல் கம்பெனிக்காரர், தாய்மாமன் வேறு. துண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் அதன்மேல் மஞ்சளை ஊற்றிக் காட்டி, காலில் விழுந்தாவது கல்யாணத்தைத் திரும்பப் பேசி முடியுங்கள். பெண்ணின் வாழ்க்கை உங்கள் கையில் இருக்கிறது. குலசாமி உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காது.

இப்படிக்கு,
அப்புசாமி

பின்குறிப்பு: மச்சான், கவரை ஒட்டுமுன் சேலையிலும் ஒருதரம் பார்த்துவிடலாமே என்று ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் ஊற்றினேன். பட்டு சொதசொதவென்று நனைந்துவிட்டது. நாலு மூலையில் மட்டும் தண்ணீர் உருண்டது. அழுக்காகாமலிருக்க அடித்தவள் மூலையில் மட்டுமா அடிப்பாள்? சின்னவளைக் கூப்பிட்டேன், பெரியவள் வந்து நின்றாள்.

"நாந்தானுங்ப்பா அடிக்கச் சொன்னேன். அந்த மாப்பள தெனமும் வீடியோ கால் போட்டு ரூமச் சுத்திக் காட்டுங்கறாரு. கதவுக்குப் பின்னால யாருன்னு கேக்கறாரு. கல்யாணத்துக்கப்புறம் அடி வாங்கப் பழகிக்கோன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அம்மாகிட்டச் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன், எல்லாம் சரியாப் போயிரும்னுட்டீங்க. நாஞ் சொன்னாக் கேக்கலீங்க. சாமி சொன்னாக் கேப்பீங்கன்னுதான்..."

மச்சான், என் பிள்ளை என்னிடம் சொல்லியும் நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். விஷயம் தெரியாமல் நீங்களாகவே சமாதானம் பேசப் போய்விடுவீர்கள் என்றுதான் அனுப்புகிறேன். போகாதீர்கள். துண்டை அடுப்பில் போடுங்கள். விஞ்ஞானம் என்று வாய்தவறியும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எவன் கேட்டாலும் அது சாமி குத்தம்தான்.