காளை திருடிய குலத்துக் கில்ட்

ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையான கில்ட்டின் வார்ப்பட்டை இடது பக்கம் இருந்தது. ஃபின்லே பெட்ரி அதைத் திருப்பிக் கட்டிப் பார்த்தான். மடிப்புகள் முன்னால் வந்து, கர்ப்பிணி போலத் தெரிந்தான். மறுபடி பழையபடியே கட்டினான்.

"எங்க தாத்தா இடதுகைக்காரர். அதனாலதான்," என்றான்.

கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்த ஊனா, "இடுப்பு?" என்றாள்.

"இடுப்புக்கு என்ன?"

"நீ தும்மினா பட்டை தெறிச்சு என் கண்ணுல விழும்."

"அந்தக் காலத்துல எல்லாரும் ஒல்லி."

ஃபின்லேவுக்குக் கிலென்டோரனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவன் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகம் தெரிகிறது. ஊனாவின் அப்பா டூகல்ட் மெக்கிரேனுக்கும் அவன்தான் கண்ணாடி செய்தான். ஆனாலும் அந்தக் கண்ணாடி வழியே அவன் மட்டும் அவருக்கு மாப்பிள்ளையாகத் தெரியவில்லை.

டூகல்ட், மெக்கிரேன் குலச் சங்கத்தின் தலைவர். சனிக்கிழமை குல விருந்தில் நிச்சயதார்த்தத்தை அறிவிக்க எப்படியோ ஒப்புக்கொண்டிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்.

"வாடகைக் கில்ட்ல வர்றவன் வாடகை மாப்பிள்ளை. உன் குலத்துக்குன்னு உள்ள கட்டம் போட்ட துணியைக் கட்டிக்கிட்டு வா தம்பி. நீ யாருன்னு துணி சொல்லட்டும்."

துணி தாத்தாவின் பெட்டியிலிருந்து கிடைத்தது. தாத்தா அதை ஒருநாளும் கட்டியதில்லை, யாரையும் தொடவிட்டதும் இல்லை என்று அம்மா சொன்னாள். வருஷத்துக்கு ஒருதடவை வெளியே எடுத்து, பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவாராம். குலப்பெருமை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது எந்தக் குலம் என்று கேட்க இருவரும் இன்வெர்னஸில் கில்ட் தைக்கும் பெய்லியிடம் போனார்கள். பெய்லி மாதிரித் துணிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப வெளுத்திருக்கிறது என்றார். கடைசியில் ஒரு துணியில் விரல் வைத்தார்.

"மெக்ஃபாட்."

ஊனா ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினாள். இது வேறு ஆப்பிள்.

நானூறு வருஷத்துக்கு முன்னால், மெக்கிரேன்கள் எல்லோரும் தேவாலயத்தில் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர்களுடைய காளையை ஓட்டிக்கொண்டு போனவர்கள் மெக்ஃபாட்கள். டூகல்ட் அதை இன்னும் மன்னிக்கவில்லை. உள்ளூரில் டார்க்கில் மெக்ஃபாட் பேக்கரி வைத்திருப்பதால், டூகல்ட் ரொட்டி வாங்க அடுத்த ஊருக்குக் கார் ஓட்டிப்போகிறார். ஜெபத்தின்போது கண்ணை மூடுவதும் இல்லை.

"அழுக்கா இருக்கலாம்," என்றாள் ஊனா, காரில். "தோய்ச்சா உண்மையான நிறம் வரும்."

தோய்த்தார்கள். பச்சை பழுப்பானது. சிவப்புக் கோடு ஆரஞ்சானது. மறுபடி பெய்லியிடம் போனார்கள்.

"இது மெக்ஃபாட் இல்ல," என்றார் பெய்லி.

"அப்பாடா."

"இது வேட்டைக்குப் போற மெக்ஃபாட். அதுக்குத் தனிக் கட்டம் உண்டு. மான் கண்ணுக்குத் தெரியாம இருக்கிறதுக்கு."

"மான் கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, எங்கப்பா கண்ணுக்குத் தெரியுமே," என்றாள் ஊனா.

நிறத்தை அடர்த்தியாக்கினால் எந்தக் கட்டமும் தெரியாது என்பது ஃபின்லேயின் யோசனை. ஒரு ராத்திரி முழுவதும் கில்ட்டைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தான். காலையில் பழுப்பு கறுத்திருந்தது. ஆரஞ்சுக் கோடு மட்டும் எதற்கும் அசையாமல் பொன்னிறமாக மின்னியது.

பெய்லி இந்தத் தடவை எழுந்து நின்றார்.

"இதை எங்க புடிச்சீங்க? இது மெக்ஃபாட் தலைவரோட குடும்பம் மட்டும்தான் கட்டலாம்."

இரண்டே நாளில் ஃபின்லே எதிரிக் குலத்தில் சேர்ந்து, வேட்டைக்குப் போய், பட்டத்துக்கும் வந்துவிட்டான்.

கடைசி நம்பிக்கையாக, வம்சாவளி தேடித்தரும் திருமதி லோர்னிடம் போனார்கள். அவள் பெட்ரி குடும்பத்தை வேர்வரைக்கும் தோண்டிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"எல்லாரும் மீன் பீப்பாய் செஞ்சவங்க. அப்பா பீப்பாய், தாத்தா பீப்பாய், அவரோட தாத்தாவும் பீப்பாய். கில்ட் கட்டினவன் ஒருத்தன்கூட இல்ல. மெக்ஃபாட்டோட சம்பந்தமும் இல்ல."

"அப்ப இந்தக் கில்ட் யாரோடது?"

"உங்க தாத்தா எங்கேயோ சுட்டிருக்கணும் தம்பி. நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன், ஆனா சுட்டிருக்கணும்."

வெளியே வந்து இருவரும் மதில்மேல் உட்கார்ந்தார்கள்.

"இப்ப நான் காளை திருடின குலமா, கில்ட் திருடின குடும்பமா?" என்றான் ஃபின்லே.

"ரெண்டுல எதுக்கு எங்கப்பா பொண்ணு குடுப்பாரு?"

"ரெண்டுக்கும் குடுக்க மாட்டாரு."

"அப்ப தைரியமா கட்டிக்கிட்டு வா," என்றாள் ஊனா. "மேஜைக்குப் பின்னாலேயே உட்காரு. எழுந்திருக்காத. கண்டிப்பா தும்மாத."

சனிக்கிழமை ஃபின்லே மேஜைத் துணியை மடிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவாசிக்காமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டூகல்ட்டின் அத்தை கிரிசல். கல்யாணம் செய்துகொள்ளாதவள், விஸ்கிக்குத் தண்ணீர் சேர்க்காதவள். அவளுடைய புதுக் கண்ணாடி அவன் கோட்டுப் பையில் இருந்தது.

"எனக்கு எதுவும் தெரியல பயலே. தட்டுல இருக்கறது ஆடா, முள்ளங்கியா?"

"முள்ளங்கி, அத்தை. இருங்க, கண்ணாடி தர்றேன்."

பையிலிருந்து எடுக்கும்முன் கதவு திறந்தது. அடுத்த ஊர்க் கேக் தொண்டையில் அடைக்கிறது என்று ஊனாவின் அம்மா ரகசியமாக உள்ளூரிலேயே சொல்லிவைத்திருந்தாள். ஆகவே கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் டார்க்கில் மெக்ஃபாட். அவருக்கு வழிவிட ஃபின்லே மரியாதையாக எழுந்து நின்றான். மரியாதை அவனுக்குப் பழக்கதோஷம்.

டார்க்கில் கில்ட்டின் பொன்னிறக் கோட்டைப் பார்த்தார். கேக்கை மேஜையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தலைவரே," என்றார். "ஆஸ்திரேலியாவுக்குப் போனவரோட எங்க தலைவர் வம்சம் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சோம்."

பைக்குழல் வாசித்தவன் பாதியில் நிறுத்தினான். குழல் மட்டும் பையில் காற்று தீரும்வரை தனியாக முனகியது.

"மெக்ஃபாட்," என்றார் டூகல்ட். "என் மேஜையில. என் பொண்ணு பக்கத்துல."

"சார், இது தேயிலைத் தண்ணி..."

"பேசாத. ஏரிக்கு அந்தப் பக்கம் நின்னாலும் அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும். என் ரத்தத்துக்கே தெரியும். ஊனா, இந்தப் பக்கம் வா."

"வரமாட்டேன்," என்றாள் ஊனா. "எனக்கு இவன் பீப்பாயா இருந்தாலும் சரி."

"எங்க தலைவரைப் பார்த்துப் பேசுய்யா," என்றார் டார்க்கில். "பொண்ணு குடுக்காட்டி போ. நாங்க பார்த்துக்கறோம். என் தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"காளையைக் கொண்டு போனது பத்தாதா, இப்ப மாப்பிள்ளையையும் கொண்டு போகணுமா?" என்று கத்தினார் டூகல்ட். தன் வாயால் என்ன சொன்னோம் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"என்ன சத்தம்?" என்றாள் கிரிசல் அத்தை. "கண்ணாடியைக் குடுடா பயலே, சண்டையாவது பார்க்கறேன்."

ஃபின்லே அவள் காதில் கண்ணாடியை மாட்டிவிட்டான். அத்தை முதலில் முள்ளங்கியைப் பார்த்தாள். டூகல்ட்டைப் பார்த்தாள். பிறகு கில்ட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"திரும்பு."

திரும்பினான். மடிப்புக்குள் விரலை விட்டு, மஞ்சள் நூலில் ஒட்டுப்போட்டிருந்த ஒரு கிழிசலைத் தேடிப்பிடித்தாள். தேடாமலே தெரிந்த இடம்போல.

"டூகல்ட், பட்டை இடது பக்கம் இருந்தா அது பொம்பளைங்க கில்ட்டுன்னுகூடவா உன் ரத்தத்துக்குத் தெரியல?"

டார்க்கில் மெதுவாகத் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

கிரிசல் அத்தை விஸ்கியை ஒரு வாய் குடித்துவிட்டு, ஃபின்லேயின் கன்னத்தைத் தட்டினாள்.

"இது நான் டான்ஸ் ஆடறதுக்கு எங்கம்மா தச்சுக் குடுத்த நம்ம மெக்கிரேன் கில்ட்டுடா, உங்க தாத்தா ரூம்ல விட்டுட்டு வந்தது, அன்னைக்கு அவசரத்துல நான் மாட்டிக்கிட்டு ஓடிவந்த அவரோட பேன்ட் இன்னும் என் பெட்டியில இருக்கு, கல்யாணத்துக்கு அதைப் போட்டுக்கோ."