சராசரிக்கு மேற்பட்ட லாடி வோடிச்கா

நெப்ராஸ்காவில் எல்ம்விக் என்ற சிற்றூரின் நகர்மன்றம், புதிதாகக் கட்டிய சிறுவர் பேஸ்பால் மைதானத்துக்கு லாடி வோடிச்காவின் பெயரைச் சூட்ட ஏகமனதாகத் தீர்மானித்தது. ஊரின் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேரில் நாட்டின் தலைசிறந்த அணிகள் மோதும் பெரிய லீக்கில் ஆடியவர் அவர் ஒருவர்தான். ஒன்பது வருஷம் கேட்சராக, மட்டைக்காரன் முதுகுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தார். இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்துக்கொண்டு திரும்பி வந்து, இப்போது டிராக்டர் டயர் விற்கிறார்.

நகர்மன்றச் செயலாளர் மெர்ல் ஆஸ்டர்கார்ட் அப்போதுதான் 'புள்ளிவிவர வழி நிர்வாகம்' என்ற மூன்று நாள் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருந்தார். லாடிக்கு ஆள் அனுப்பினார். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

"வாங்க, மிஸ்டர் வோடிச்கா."

"என்னடா மெர்ல், மிஸ்டர் எல்லாம்?"

"ஆபீசுக்குள்ள மிஸ்டர்தான். விதி ஒன்பதின்படி, சராசரிக்கு மேற்பட்ட நபரின் பெயரே பொது இடத்துக்குச் சூட்டத்தக்கது. ஆயிரம் தடவை மட்டை எடுத்தா லீக்ல சராசரியா இருநூத்தி அம்பத்தெட்டு நல்ல அடி. உங்க வாழ்நாள் கணக்கு இருநூத்தி இருபத்தொம்போது."

லாடிக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டில் மனைவி ஜோலீன் திறப்பு விழாவுக்கென்று புது உடுப்பு வாங்கி வைத்திருந்தாள். "நான் கேட்சர்டா! குந்திக் குந்தியே காலு போச்சு. எங்களை யாரும் மட்டைக்காக வெச்சுக்கறதில்ல."

"சரி, கேட்சர்களோட மட்டும் பார்ப்போம். இருநூத்தி நாப்பத்தொண்ணு. பன்னெண்டு கம்மி."

"ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணின கேட்சர்களோட பாரு."

மெர்ல் கணினியைத் தட்டினார். "அப்படி ஒருத்தர்தான் இருக்கார். நீங்க."

"அப்ப நான் சராசரிதானே!"

"சராசரியேதான். விதி கேக்கறது சராசரிக்கு மேல."

மெர்லுக்கே மனசு கேட்கவில்லை. வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு ஓட்டமாக வந்தார்.

"டேய் லாடி! ஊர் ஜனத்தோட உன்னை ஒப்பிட்டா? மத்தவங்க எல்லாரும் பெரிய லீக்ல பூஜ்யம். உன்னையும் சேர்த்து வகுத்தா ஊர் சராசரி ஆயிரத்துக்கு அரைக்கால் அடிகூட தேறாது. நீ எங்கேயோ இருக்கே!"

லாடி அவரைக் கட்டிக்கொண்டார்.

ஆனால் அடுத்த பக்கத்தில் விதி பத்து இருந்தது. சராசரிக்குக் குறைந்த எவரும் மேற்படி பெயரை முன்மொழியவோ, ஒப்பமிடவோ இயலாது. புதிய கணக்குப்படி மேயர், ஏழு உறுப்பினர்கள், மெர்ல், மருத்துவர், பாதிரியார், கைக்குழந்தைகள் உட்பட ஊரில் அத்தனை பேரும் சராசரிக்குக் கீழே. தகுதியுள்ள கை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

"என் பேருக்கு நானே கையெழுத்துப் போடறதா?"

"வேற யாருக்குத் தகுதி இருக்கு?"

லாடி கொஞ்சம் கூசினார். பிறகு, ரசிகர்களுக்குப் போட்டுப் பழகிய அந்தப் பெரிய சுழியோடு கையெழுத்திட்டார்.

திறப்பு விழாவில் மேயர், மெர்ல் தயாரித்த பெயர் சூட்டல் அறிக்கையைக் கணக்கோடு முழுதாக வாசித்தார். ஊரார் அனைவரும் சராசரிக்குக் குறைந்தவர்கள் என்று அரசாங்க மொழியில் அறிவிக்கப்பட்ட இடத்தில் ஊரார் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாதிரியார் விசிலே அடித்தார்.

பிறகு முதல் ஆட்டம். லாடியின் ஒன்பது வயது மகள் வாண்டா மட்டை பிடித்தாள். இரண்டு பந்தைத் தவறவிட்டாள். மூன்றாவதை அடித்தாள் பாருங்கள், பந்து வேலியோரம் உருண்டது. பிள்ளை தலைக்கவசம் கழன்று விழ விழ ஓடி இரண்டாம் தளத் திண்டைத் தொட்டு, இரண்டு கையையும் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். ஜோலீன் அழுதேவிட்டாள்.

லாடியும் கையைத் தூக்கினார். அப்படியே பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"மத்த பிள்ளைங்க சராசரியா எவ்வளவு அடிக்குதுங்க?"