ட்ரெய்லர் வந்தது, வெற்றிலை வரவில்லை

அலுவிகாரை,
ஞாயிறு காலை.

அன்புத் தங்கச்சி சுந்தரம்மாவுக்கு அண்ணன் நாகமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் எங்கள் மூட்டுவலிகளும் சௌக்கியம். தம்புள்ளையில் நீயும் உன் மரக்கறிக் கடையும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை.

நிற்க. பின்னாடி வர வேண்டியதெல்லாம் ஒருநாள் முன்னாடி வரும்னு முப்பது வருசத்துக்கு முன்னாடியே சொன்னவன் நான். உன் மகள் சுதர்சினிக்குக் கல்யாணமாமே? எனக்கு எப்படித் தெரியும்? போனுக்கு ட்ரெய்லர் வந்திச்சு! பொண்ணும் மாப்பிள்ளையும் குளக்கட்டில மெதுவா ஓடுறாங்க, கடைசியில "விரைவில்"னு எழுத்து விழுது. தாய்மாமன் கையில வெற்றிலை வைக்க மட்டும் இன்னும் ஒருத்தரும் வரல்ல.

ட்ரெய்லர்னா என்னன்னு உன் மகளுக்குத் தெரியுமா? ட்ரக்டருக்குப் பின்னாடி பூட்டி இழுக்கிறமே, அதே பேருதான். ஆதியில படம் முடிஞ்ச பிறகுதான் வரப்போற படத்தோட துண்டைக் காட்டினாங்க. சனங்க எழும்பிப் போறாங்கன்னு முன்னுக்குக் கொண்டுவந்தாங்க, பேரை மாத்த மறந்துட்டாங்க. முதல்ல எழும்பிப் போனது நான்தான்னு மாத்தளை முழுக்கப் பேச்சு. ரீலும் அப்படித்தான். இப்பப் பிள்ளைங்க விரலால தள்ளுற ரீலை நான் தலையில சுமந்து, ஒரு தியேட்டர்ல இருந்து அடுத்த தியேட்டருக்கு நாலு மைலை மூணு நிமிசத்தில ஓடியிருக்கேன். "ரீல் விடுறான்"னு ஊர் சொல்றது என்னையப் பத்தி இல்ல.

உனக்கு ஞாபகமிருக்கா தங்கச்சி, சனிக்கிழமை தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிச்சு நாம மலையிறங்கி வந்து சேர்றதுக்குள்ள மெட்னி ஷோ பாதி ஓடியிருக்கும். டிக்கட் கிழிக்கிற நிஸ்தார் நானா, "வாலைப் பாருங்க, தலையை அடுத்த ஷோவில பார்த்துக்கலாம்"னு உள்ளுக்குத் தள்ளிவிடுவார். வில்லன் செத்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அவன் ஏன் கெட்டவன்னு நமக்குத் தெரியும். சாகப்போற தாய் முதல் சீன்ல சிரிச்சிக்கிட்டு வருவா, நீ விம்மி விம்மி அழுவே. பக்கத்துச் சீட்டுக்காரி, "பைத்தியமாடி நீ?"ன்னு கேட்டா. முடிவு தெரிஞ்சவங்களுக்குத்தானே ஆரம்பம் வலிக்கும். இப்ப உன் பழைய போட்டோவைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் இருக்கு. நீயோ நாலு வருசமா, "சந்தையை விட்டுட்டு வர ஏலாதுண்ணே"ங்கிறே.

விசயத்துக்கு வாறேன். வர்ற சனிக்கிழமை நம்ம தியேட்டர்ல மெட்னி ஷோவுக்கு அந்தக் காலத்துப் படமொண்ணு போடுறாங்க. ரெண்டு டிக்கட் எடுத்திட்டேன். நிஸ்தார் நானாவே வாசல்ல நிப்பாராம்.

உன் பிள்ளைங்களுக்கு மூணு மணித்தியாலப் படம் மாதிரி நீண்ட ஆயுசும், இடைவேளையில்லாத சந்தோசமும் முத்துமாரி குடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மூத்த அண்ணன்
நாகமுத்து

பி.கு: எழுதினதில ஒண்ணே ஒண்ணுதான் பொய். சனிக்கிழமை படம் இல்ல. தியேட்டரைப் பூட்டி வருசக்கணக்காச்சு, நிஸ்தார் நானாவும் மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டார். உன்னைய வரவைக்க வேற வழி தெரியல்ல. வெறுங்கையோட வந்தாலும் சரி தங்கச்சி, பூட்டின கேட்டுக்கு முன்னால நான் நிப்பேன்.