‘வருந்துகிறேன் ஐயா’வின் மறுப்புக் கடிதங்கள்

‘வரமாட்டேன்’ என்று சொல்லியே புகழ்பெற்ற மனிதர் கொழும்பில் ஒருவர்தான். வெள்ளவத்தை முழுக்க அவருக்கு ‘வருந்துகிறேன் ஐயா’ என்று பெயர். புதுக்கடை நீதிமன்றத்தில் பெரிய சட்டத்தரணி; மேடையில் வாய் திறந்தால் மண்டபம் அசையாது. அதனால் பரிசளிப்பு முதல் பூனைக்குட்டிக்குப் பெயர் வைப்பது வரை எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாட்ஸ்அப்பில் அழைத்தாலும் முத்திரை ஒட்டிய கடிதத்தில்தான் மறுப்பார். அந்தக் கடிதங்களை ரைப் பண்ணியவள் நான்.

மறுப்பு என்றால் சும்மா மறுப்பா? தேனில் குழைத்த மறுப்பு! ஒருமுறை பழைய மாணவர் சங்கமொன்று அதை வாசித்தும் பாராமல், ஆசிச்செய்தி என்று நினைத்து, படத்தோடு விழா மலரில் போட்டுவிட்டது. ‘வர இயலாமைக்கு வருந்துகிறேன்’ என்ற வரி தடித்த எழுத்தில். ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றச் சங்கங்களுக்குப் பொறாமைதான் வந்தது.

அடுத்த வாரமே கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு செயலாளர் போன் எடுத்தார்.

“தங்கச்சி, சேர் வரமாட்டாரெண்டு தெரியும். வரவும் வேண்டாம். கடிதத்தை மட்டும் வெள்ளிக்கு முன்னம் தாங்கோ, மலர் அச்சுக்குப் போகுது.”

கோபிப்பார் என்று பயந்துகொண்டே சேரிடம் சொன்னேன். மனிதர் குளிர்ந்துபோனார்.

“போய்ப் பேசினா கொட்டாவி விடுவினம். போகாட்டி ஃபிரேம் போட்டு மாட்டுவினம். எழுதும், பிள்ளை!”

பிறகு எனக்குக் கல்யாணம் வந்தது. அப்பா இல்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு லீவு இல்லை. சேரும் அவருடைய மனைவியும் வந்து என்னைத் தாரைவார்த்துத் தர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கல்யாண அட்டையை நீட்டி, வாய்விட்டும் கேட்டேன். வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஒரு கடிதம் எழுதுவம், பிள்ளை.”

என் கல்யாணத்துக்கான மறுப்பை நானே ரைப் பண்ண வேண்டுமா? ஆனாலும் கணினியில் கை வைத்தேன். அவர் சொல்லத் தொடங்கினார்.

“தங்கள் அழைப்புக் கிடைத்து மட்டற்ற மகிழ்ச்சி. ஆயினும்...”

“ஆருக்கு சேர்?” என்று கேட்டேன்.

“அந்த மாநாட்டுக்காரருக்கு. அதுவும் உம்மட கலியாண நாளிலதானே வருது.”

அந்த வருடம் அவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஒரே கூட்டம் அது.

“என்ன காரணம் போட, சேர்?”

“அண்டைக்கு என்ர மகளுக்குக் கலியாணமெண்டு போடும்.”

சேருக்கும் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் அந்த ஒரு வரியை மூன்று தரம் பிழையாக அடித்தேன். எப்போதும் அவசரப்படுத்தும் மனிதர், நான் அடித்து முடிக்கும்வரை காத்துக்கொண்டிருந்தார்.