சிங்கத்துக்கு எத்தனை வால்?

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு புளியமரத்துக்குள் சிங்கம் புகுந்துவிட்டது. தகவல் வனத்துறைக்குப் போகவில்லை, பூக்கடைக்குப் போனது. முண்டும் முடிச்சுமாக நின்ற கிழட்டு அடிமரத்தில் சிங்க உருவத்தைப் பார்க்க ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். செல்பி எடுத்தார்கள், விழுந்து கும்பிட்டார்கள்.

சிங்கத்தைக் கண்டுபிடித்தவர் சாமியார் விருட்சானந்தர். போன வருஷம் வேறு ஊரில் வேப்பமரத்தில் முயல் காட்டிக்கொண்டிருந்தாராம். இங்கே பதவி உயர்வு. "பாவிங்க கண்ணுக்குச் சிங்கம் தெரியாது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். உடனே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

செல்லத்தாய்க்கு மட்டும் தெரியவில்லை. விளாத்திகுளம் பக்கமிருந்து வந்து, தங்கராஜின் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். கம்பெனியில் துணிக்கட்டுகள் காணாமல் போயின. கேமரா மாட்டச் செலவை யோசித்த தங்கராஜ், சாமியாரை வரவழைக்க யோசிக்கவில்லை. சிங்கம் தெரியாதவரே திருடர் என்று தீர்ப்பாகிவிட்டது. தொழிலாளர்கள் மரத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

"தெரியுதுன்னு சொல்லித் தொலைங்கக்கா" என்று கிசுகிசுத்தாள் பக்கத்து மெஷின்காரி.

செல்லத்தாய் கணக்குப் போட்டாள். வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருடி என்ற பெயரோடு போனால் எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்கவிடாது. இருந்தாலும் அவள் வாயில் பொய் வரவில்லை.

"மொதலாளி, எனக்கு மரந்தான் தெரியுது."

கூட்டம் திகைத்தது. சாமியார் முகத்தில் திருடி கிடைத்த திருப்தி.

செக்கிங் பிரிவைப் பார்க்கும் அபிராமி முன்னால் வந்தாள். "ஏனுங்க மொதலாளி, ஒரு பீஸை ரெண்டு பேரு தனித்தனியா அளந்தாத்தானுங்க நாம ஓகே பண்றோம்? சிங்கத்தையும் அப்படியே பண்ணிப்போடலாங்க. ஒவ்வொருத்தரா வந்து, வால் எங்கேன்னு சாக்பீஸ்ல குறிக்கட்டும். நான் போட்டோ எடுத்துட்டு அழிச்சர்றனுங்க."

"தெய்வத்தை அளக்கக் கூடாது!" என்றார் சாமியார்.

"அளக்கலீங்க சாமி, வாலைத்தான் கேக்கறோம்."

கம்பெனித் தரச் சோதனை மாதிரியே இருந்ததால் தங்கராஜுக்குத் தலை தானாக ஆடியது. மரத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துத் துடைத்து அபிராமிக்குக் கை சலித்தது. முதலில் போன சாமியாரை, "போட்டோ சரியா விழுகலீங்க" என்று கடைசியில் இன்னொரு முறையும் உள்ளே அனுப்பினாள்.

பிறகு எல்லோருக்கும் போனைக் காட்டினாள். கிளையில் ஒரு வால், வேரில் ஒரு வால், பொந்துக்குள் ஒரு வால். தங்கராஜின் வால் எறும்புப் புற்றில். சாமியாருக்கு மட்டும் இரண்டு: முதல் வால் தெற்கே, மறு வால் வடக்கே.

"சிங்கம் திரும்பிப் படுத்திருச்சு" என்றார் சாமியார்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பயந்து நின்ற கூட்டத்துக்கு அது போதும். சிரிப்பு அடங்குவதற்குள் விருட்சானந்தர் பைக்கில் பறந்துவிட்டார்.

"அப்பறம் ஏனுங்க எல்லாரும் தெரியுதுன்னீங்க?" என்று கத்தினார் தங்கராஜ்.

"நீங்க தெரியுதுன்னீங்களே மொதலாளி!" என்றது கூட்டம்.

தங்கராஜ் செல்லத்தாயிடம் வந்தார். "தப்பா நெனச்சுப்போட்டனுங்க. திருடனைப் புடிக்க நாளைக்கே கேமரா மாட்டிப்போடறனுங்க."

"எனக்கு மரமாவது தெரிஞ்சுது மொதலாளி. உங்களுக்கு மரமும் தெரியல, மனுசியும் தெரியல."

மகாஜனங்களே, மரத்தை மரம் என்று சொல்லத் தீட்சை எதுவும் வேண்டாம். சொந்தக் கண்ணும் கொஞ்சம் முதுகெலும்பும் இருந்தால் போதும்.