பதினேழாவது உருப்படி

இந்திய அரசாங்கத்தோடு நான் ஒரே ஒரு தடவைதான் மோதியிருக்கிறேன். தோற்றுப்போனேன். அதுகூடப் பெரிதில்லை. எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவனும் நானேதான்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். முப்பது வயதில் படாளத்தில் சொந்த லாரி வாங்கி நிறுத்தினேன். (ஊரில் அதுதான் முதல் லாரி. இரண்டாவதும் என்னுடையதுதான்.) சந்தையில் வாங்கிய மாடுகளை மதராஸுக்கு ஏற்றிப்போவது தொழில். உழவுக்கும் கறவைக்கும் உதவாத கிழ மாடுகள். போய்ச் சேரும் இடத்தைப் பற்றி நாங்களும் பேசமாட்டோம், மாடுகளும் கேட்டதில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் டில்லியிலிருந்து ஒரு சேதி வந்தது. மிருகங்களை வதைக்காமல் ஏற்றிச் செல்ல விதி வரப்போகிறதாம். ஒரு லாரிக்கு ஆறு மாடுதானாம். நாங்கள் பதினாறு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆறு ஏற்றினால் டீசலுக்கே கட்டாது, தொழிலை மூட வேண்டியதுதான். செங்கல்பட்டுச் சுற்று வட்டாரத்து மாட்டு லாரிக்காரர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். என்னைத் தலைவராக்கினார்கள். என் தகுதி, சத்தமாகப் பேசுவேன்.

அரசாங்கத்துக்குக் கொடுக்க ஒரு மனு எழுதவைத்தேன். அதில் எங்கள் வாதம் இதுதான். நெருக்கி நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். தாராளமாக நிறுத்தினால் பிரேக் போடும்போது விழுந்து கால் ஒடியும். அப்படியும் ஒன்று விழுந்துவிட்டால் அதற்கும் வழி வைத்திருந்தோம். லாரி மேலே குறுக்குக் கட்டையில் ஓர் ஆள் உட்கார்ந்து வருவான். அங்கிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டும் தெரியும். முதுகுகளுக்கு நடுவே பள்ளம் தெரிந்தால் ஒன்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். லாரியை நிறுத்தாமலே பள்ளத்தைப் பார்த்து மிளகாய்ப் பொடியை வீச வேண்டும். கண் எரிச்சலில் மாடு துள்ளி எழுந்துவிடும். என் லாரியில் இந்த வேலை என் மனைவியின் தம்பி ஏழுமலைக்கு.

"இன்னா ஏதுன்னு பாத்துகினு குந்தாத, மச்சான். பள்ளம் வுழுந்தா பொடி. அவ்ளோதான்" என்று நானே பழக்கியிருந்தேன்.

விதியைப் பற்றி எங்கள் தரப்பைக் கேட்க டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்து மாமல்லபுரத்தில் அரசாங்க பங்களாவில் தங்கினார். மாட்டு டாக்டர். டில்லி உத்தியோகம், ஆனால் தமிழர். அவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் சங்கத்துக் கூட்டத்தில் தணிகாசலம் என்ற கிழ லாரிக்காரர் கேட்டார்: "மாடு சொகமாத்தான் வருதுன்னு நாம சொன்னா அந்தாளு நம்புவாரா, தலிவரே?"

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "செங்கல்பட்டுலேர்ந்து மாவல்லிபுரம் வரிக்கும் மாட்டோட மாடா நானே நின்னுகினு வரேன்யா. அப்ப நம்புவாரு இல்ல?" என்றேன். கைதட்டினார்கள்.

வீட்டில் யாரும் கைதட்டவில்லை. "மாட்டுக்கு வேற வழியில்ல, ஏறுது. உனுக்கு இன்னாய்யா வந்துச்சி?" என்றாள் கன்னியம்மா. நான் புது வேட்டியை எடுத்து வைக்கச் சொன்னேன்.

பதினாறு மாடுகளுக்கு நடுவே, சட்டைப் பையில் மனுவோடு, கட்டபொம்மன் மாதிரி நின்றேன். திருக்கழுக்குன்றம் வரை வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தேன். (ஒருவரும் திரும்பக் கையசைக்கவில்லை.) ஊரைத் தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்று நான் எழுதவைத்த பதினாறும் சேர்ந்து என்மேல் சாய்ந்தன. விலாவில் ஏதோ முறிந்தது. கீழே விழுந்தேன்.

"மாமா! ஒன்னு வுழுந்துட்ச்சி!" என்று மேலேயிருந்து ஏழுமலை எனக்கே சேதி சொன்னான்.

நான்தான்டா அது என்று கத்தப் பார்த்தேன். வாய் நிறையச் சாணி. என் தலை தெரியாதது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ("குந்திகினு பீடி பத்தவெக்கிறேன்னு நெனச்சேன் மாமா" என்று பிறகு சொன்னான்.) முதல் பிடிப் பொடி வந்தது.

என்னோடு ஒரு செவலை மாடும் விழுந்திருந்தது. ஒரு கொம்பு உடைந்த கிழ மாடு. அதன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பொடி இரண்டு பேர் கண்ணிலும் விழுந்தது. ஆயிரக்கணக்கில் மாடு ஏற்றியவன் நான். எல்லாவற்றின் முதுகையும் பார்த்திருக்கிறேன். முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். அதன் மூச்சு என் கன்னத்தில் பட்டது. அப்புறம் இரண்டாவது பிடி வந்தது. அதன் பிறகு எனக்குக் கண் தெரியவில்லை.

பங்களா வாசலில் சங்கத்து ஆட்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். பின்பலகையைத் திறந்தார்கள். என்னை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். செவலையைக் கயிறு கட்டி இழுத்து இறக்கினார்கள். அது செத்திருந்தது.

அதிகாரி முதலில் அதனிடம்தான் போனார். கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவினார். மாட்டுக்குத் தடவிப் பார்ப்பதுபோலவே விலாவைத் தடவினார்.

"ரெண்டு எலும்பு போயிருக்கு. எத்தனை ஏத்தினீங்க?"

"பதினாறு சார்" என்றான் ஏழுமலை.

"இவரைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினேன். பிழிந்தால் மாட்டு மூத்திரம் சொட்டும். "மாடுங்களுக்கு ஒரு கஸ்டமும் இல்லீங்க சார்" என்றேன், படுத்தபடி.

அவர் மனுவை மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். "சரி. திரும்பிப் போறதும் இதே லாரியிலதானே?" என்றார்.

சங்கமே என் வாயைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் வாதத்துக்குக் கொஞ்சம் உயிராவது இருக்கும். இருபது குடும்பத்துப் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. மணலில் கிடந்த செவலையின் வாயில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

"பஸ்ல போறேன் சார்" என்றேன்.

அதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். தணிகாசலம் என் கழுத்துக்கு வாங்கிய மாலையை லாரி பம்பரில் வைத்தார். "ஒரு தொழிலையே பஸ் ஏத்தி அனுப்பிட்டியே, தலிவரே!" என்றார்.

விதி வந்தது. ஆறு மாடுதான் என்று அச்சடித்தே வந்தது. சங்கத்தில் பாதிப் பேர் அதற்குப் பிறகும் பதினாறுதான் ஏற்றினார்கள். நான் மாடு ஏற்றுவதையே விட்டேன். சவுக்குக் கட்டை ஏற்றினேன், செங்கல் ஏற்றினேன். இன்று எட்டு லாரி நிற்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வேன். பொய். எனக்கு அந்தப் பின்பலகையைத் திறக்கக் கை வரவில்லை.

இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் என்றால் கன்னியம்மா கேட்பாள்: "மனுச டாக்டர இட்டாரட்டுமா, உன் டாக்டர இட்டாரட்டுமா?"

ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் ஏழுமலை குடும்பத்தோடு வந்து, பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்வான். முடிக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டாம் பிடி போட்டேன் பாரு, பள்ளம் லேசா அசைஞ்சிது! மாமா எழுந்துக்கப் பாத்தாரு! என் பொடி அப்பிடி!"

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். அன்று எழப் பார்த்தது நான் இல்லை. நான் அசையவே இல்லை. ஏழுமலை எழுபது வயதைத் தாண்டிவிட்டான். அவனிடம் இதை நான் சொன்னதில்லை.